4கே டிஸ்க் வருமா, வராதா?

கேள்வி: எனக்குப் பிடித்த பழைய படம் ஒன்றைப் புதிதாக ஸ்கேன் செய்து தியேட்டரில் மறுபடி ஓட்டினார்கள். அடுத்து ப்ளூரேயைவிடத் தெளிவாகப் படம் காட்டும் 4கே டிஸ்க்தான் என்கிறார்கள் ரசிகர்கள். இப்போதிருக்கும் ப்ளூரேயை வாங்காமல் காத்திருக்கலாமா?

பதில்: தாராளமாகக் காத்திருங்கள், ஆனால் நாள் குறித்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். புது ஸ்கேன் நல்ல அறிகுறிதான், ஒரிஜினல் நெகட்டிவிலிருந்து படத்தைச் சுத்தம் செய்து எடுப்பதுதான் இதில் பெரிய வேலை, அது முடிந்துவிட்டது. அப்புறம் பார்க்க வேண்டியது உரிமை. தயாரித்த நிறுவனம் கைமாறியிருந்தாலோ, பாட்டுக்கான உரிமையை டிஸ்க்குக்கென்று தனியாக வாங்க வேண்டியிருந்தாலோ வருஷக்கணக்கில் இழுத்துவிடும். ஜேம்ஸ் கேமரூனின் ‘தி அபிஸ்’ 1989இல் வந்த படம், அது ப்ளூரேயாகக் கைக்கு வர 2024 ஆயிற்று, அதற்குள் ‘இந்த வருஷம் நிச்சயம்’ என்று எத்தனை தடவை பேசியிருப்போம்!

ஆன்லைன் கடையில் டிசம்பர் 31 என்று தேதி போட்டிருந்தால் நம்பாதீர்கள், அது பெரும்பாலும் சும்மா இடம் நிரப்பப் போடுவது. டிஸ்க்கில் என்னென்ன இருக்கும், எந்த ஒலி வடிவம் என்ற விவரத்தோடு வெளியீட்டாளரே அறிவித்தால் சரி, பணத்தை எடுத்து வையுங்கள். 4கே டிஸ்க்குக்கு ரீஜன் பூட்டு, அதாவது ஒரு பகுதியில் விற்கும் டிஸ்க் வேறு பகுதியின் ப்ளேயரில் ஓடாதபடி போடும் தடை, கிடையாது, அதனால் எந்த நாட்டில் முதலில் வந்தாலும் வாங்கலாம். கூடவே வரும் சாதா ப்ளூரேக்கு மட்டும் பூட்டு இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.