கராத்தே நிலைகளுக்கும் உதைகளுக்கும் பூனை, கொக்கு, பிறை என்று பெயர் வைத்திருப்பது வெறும் அலங்காரமா?

இல்லவே இல்லை. எப்படிச் செய்ய வேண்டும் என்பதையே பெயராக வைத்திருக்கிறார்கள். கோபிச்செட்டிபாளையத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் இதை அடித்துச் சொல்வேன்.

'நெக்கோ ஆஷி டாச்சி', அதாவது பூனைக்கால் நிலையைப் பாருங்கள். உடல் எடை ஏறக்குறைய முழுவதும் பின்காலில் இருக்கும். முன்காலில் குதிகால் தூக்கியிருக்கும். விரல்களை ஒட்டிய முன்பாதம் மட்டும் தரையைத் தொடும். 'முன்காலில் எடை வைக்காதே கண்ணு' என்று எத்தனை முறை சொன்னாலும் வைத்துவிடுவார்கள். பால் சொம்பை நோக்கிப் பூனை எப்படி அடியெடுத்து வரும் என்று கேட்டால் போதும், முழங்கால் தானாக மடங்கும், முன்கால் லேசாகும். எடை இல்லாத கால் என்பதால் அதே கணத்தில் அதை வைத்து உதைக்கலாம். அந்த நிலையின் பயனே அதுதான்.

'சாகி ஆஷி டாச்சி'க்கு எங்கள் ஊரில் விளக்கமே தேவைப்படுவதில்லை. அது கொக்குக்கால். தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்களில் கொக்கைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். ஒற்றைக்காலில் அசையாமல் நின்றால் மட்டும் போதாது, மீன் தென்பட்டதும் பாய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய ஓகினாவாக்காரர் கிச்சின் ஃபுனாகோஷி, பிற்பாடு பல கத்தாக்களின், அதாவது வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொகுப்புகளின், பழைய பெயர்களையே மாற்றினார். 'சிந்தோ' என்பது 'கங்காகு' ஆனது, பாறைமேல் கொக்கு. சீனத் தூதர் ஒருவரின் பெயரால் வழங்கிய 'குஷாங்கு', வானத்தைப் பார்ப்பது என்று பொருள்படும் 'கான்கு' ஆனது. இரு கைகளையும் சேர்த்து நெற்றிக்கு மேலே உயர்த்தி, விரல்களுக்கு நடுவே தெரியும் இடைவெளியில் வானத்தைப் பார்த்துத்தான் அந்தக் கத்தா தொடங்கும். பெயர் தெரிந்தவனுக்குத் தொடக்கம் மறக்குமா?

பொள்ளாச்சியைத் தாண்டிப் பாலக்காட்டுக்குள் நுழைந்தால் களரியிலும் யானை, சிங்கம், பன்றி, பாம்பு, சேவல் என்று வடிவுகள் உண்டு. நம் சிலம்பத்திலும் நாகசீறல் இருக்கிறது.

பெல்ட் தேர்வுக்காக ஜப்பானியப் பெயர்களை மனப்பாடம் செய்ய வைத்துவிட்டுப் பொருளைச் சொல்லாமல் விடுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம். உங்கள் மாஸ்டரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 'மிக்காசுகி கெரி' பிறை உதை என்று தெரிந்துவிட்டால், காலை நேராக நீட்டாமல் வளைத்து வீச வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.