‘ஒரு மாதம்’ என்பது 30 நாள் அல்ல: செக் வழக்கில் கெடு எண்ணும் முறை

கேள்வி: தாம்பரத்தில் வீட்டோடு சேர்த்துத் தையல் யூனிட் நடத்துகிறேன். தி.நகர் கடை ஒன்றுக்குத் தீபாவளிச் சுடிதார் தைத்துக் கொடுத்ததற்கு 15.11.2025 தேதியிட்டு ரூ.1,85,000-க்குச் செக் தந்தார்கள். டிசம்பர் 31 அன்று மாலை, கணக்கில் பணமில்லாமல் செக் திரும்பியதாக பேங்கிலிருந்து எஸ்.எம்.எஸ். வந்தது. செக் திரும்பியதற்கான பேங்க் மெமோ ஜனவரி 2-ல்தான் கைக்குக் கிடைத்தது. தெரிந்தவர் ஒருவர் மூலம் ஜனவரி 27-ல் நோட்டீஸ் அனுப்பினேன். கடைக்காரர் 31-ல் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். பணம் வரவில்லை. “பதினைந்து நாளும் ஒரு மாதமும் சேர்த்து 45 நாள், மார்ச் 17 வரை நேரம் இருக்கிறது, அவசரமில்லை” என்கிறார் அந்தத் தெரிந்தவர். சட்டத்தில் ‘ஒன் மந்த்’ என்று போட்டிருக்கிறதாம். அது 30 நாளா, 31 நாளா? எனக்குக் கடைசி நாள் எது?

பதில்: உங்களுக்குக் கடைசி நாள் மார்ச் 16, திங்கட்கிழமை. அந்தத் தெரிந்தவர் சொல்லும் 17-ல் போனால் ஒரு நாள் தாமதம். அந்த ஒரு நாளை வைத்தே எதிர்த்தரப்பு வழக்கை இழுத்தடிக்கும்.

குழப்பம் உங்களுடையது அல்ல, சட்டம் எழுதப்பட்ட விதத்தில் இருக்கிறது. நோட்டீஸ் அனுப்ப ‘தர்ட்டி டேஸ்’, பணம் கட்ட ‘ஃபிஃப்டீன் டேஸ்’, இரண்டும் செக் வழக்குகளுக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவில். புகார் தாக்கல் செய்ய 142-ஆம் பிரிவில் ‘ஒன் மந்த்’. ஒரே விவகாரத்துக்கு இரண்டு இடத்தில் நாள் கணக்கு, ஒரு இடத்தில் மாதக் கணக்கு. மூன்றையும் நாளிலேயே எழுதியிருந்தால் தையல் மிஷினும் கையுமாக இருப்பவர்கள் காலண்டரை வைத்துக்கொண்டு அல்லாட வேண்டியிருக்காது. இத்தனை திருத்தம் செய்தவர்களுக்கு இது மட்டும் கண்ணில் படவில்லை.

‘டேஸ்’ என்று இருந்தால் நாளை எண்ண வேண்டும். ‘மந்த்’ என்று இருந்தால் நாளை எண்ணவே கூடாது. அடுத்த மாதத்தில் அதே தேதியைப் பார்க்க வேண்டும். 1897-ஆம் ஆண்டின் பொது உட்பிரிவுகள் சட்டம், மாதம் என்பது ஆங்கில நாட்காட்டிப்படியான மாதம் என்று வரையறுத்திருக்கிறது. அதில் 28 நாளும் இருக்கலாம், 31 நாளும் இருக்கலாம்.

இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். நம் வீடுகளில் பதினாறாம் நாள் காரியம் என்றால் இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவோம். சட்டத்தில் அப்படியில்லை. சம்பவம் நடந்த நாளை ஒதுக்கிவிட்டு மறுநாளிலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும்.

இப்போது உங்கள் தேதிகளைப் போட்டுப் பார்ப்போம். கடைக்காரர் நோட்டீஸ் வாங்கியது ஜனவரி 31. அந்த நாளை விட்டுவிடுங்கள். பிப்ரவரி 1 முதல் 15 வரை அவர் பணம் கட்டுவதற்கான பதினைந்து நாள். கட்டவில்லை. ஆகவே வழக்குப் போடும் உரிமை உங்களுக்குப் பிப்ரவரி 16-ல் பிறக்கிறது. பிப்ரவரி 16-லிருந்து ஒரு மாதம் என்றால் மார்ச் 16. நடுவில் இருப்பது 28 நாள்தான். முப்பது என்று எண்ணினால் மார்ச் 18 வரும், அது தப்பு. ஜனவரி 31-லிருந்து மொத்தமாக 45 என்று எண்ணினால் மார்ச் 17 வரும், அதுவும் தப்பு. இதே கணக்கு ஜூலையில் வந்திருந்தால் ஜூலை 16-லிருந்து ஆகஸ்ட் 16 வரை 31 நாள் கிடைத்திருக்கும். 45 நாள் கணக்குப் போட்டவரும் தப்பித்திருப்பார். பிப்ரவரிதான் ஆளைக் கவிழ்க்கிற மாதம். உரிமை பிறந்த நாளை விட்டுவிட்டு எண்ணும் இந்த முறையை உச்ச நீதிமன்றம் 1999-லேயே சொல்லிவிட்டது: அக்டோபர் 15-ல் உரிமை பிறந்த வழக்கில் நவம்பர் 15-ல் தாக்கலான புகார் செல்லும் என்றது. 2013-ல் அதை மறுபடியும் உறுதி செய்தது.

45 நாள் என்ற கணக்கு வேறொரு சட்டத்திலும் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிறு, குறு நிறுவனங்களிடம் சரக்கு வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டத்தில் ஒரு கெடு உண்டு. அது வேறு சட்டம், வேறு இடம். இரண்டையும் போட்டுக் குழப்பி ஆலோசனை சொல்பவர்கள் கோர்ட் வாசல்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவர்களைப் பற்றி அழுத்திச் சொல்கிறேன். எழும்பூரானாலும் பாரிமுனையானாலும், ரெடிமேட் நோட்டீஸில் பெயரும் தொகையும் மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்துப் பணம் வாங்குகிறவர்கள் வக்கீல்கள் அல்ல. அந்த நோட்டீஸில் ‘ஏழு நாளுக்குள்’ என்றோ, ‘ஒரு ஃபோர்ட்நைட்டுக்குள்’ என்றோ, ‘இந்த நோட்டீஸ் தேதியிலிருந்து’ என்றோ இருக்கும். ஃபோர்ட்நைட் என்றால் 14 நாள். சட்டம் கொடுப்பது 15. அதுவும் நோட்டீஸ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து. இந்த ஓட்டையை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வாய்தாவிலேயே பிடித்துக்கொள்வார். உங்கள் நோட்டீஸ் நகலை எடுத்து ‘கிடைக்கப்பெற்ற பதினைந்து நாட்களுக்குள்’ என்று இருக்கிறதா, தொகை சரியாக ரூ.1,85,000 என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வக்கீலிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஒரிஜினல் செக்கையும் மெமோவையும் அந்தத் தெரிந்தவரிடம் கொடுத்திருந்தால் இன்றைக்கே போய் வாங்கிவிடுங்கள். “தேதி தாண்டினாலும் பழைய தேதி போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்” என்று யாராவது சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். தபால் ரசீதும் கோர்ட் முத்திரையும் பொய் சொல்லாது, மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

நோட்டீஸ் கெடுவைப் பொறுத்தவரை உங்களுக்குப் பழுதில்லை. செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்ததிலிருந்து 30 நாள். சட்டம் தகவல் என்கிறதே தவிர, மெமோ என்று சொல்லவில்லை. ஆகவே எஸ்.எம்.எஸ். வந்த நாள், மெமோ கிடைத்த நாள் இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து எண்ணுவதுதான் பாதுகாப்பு. டிசம்பர் 31-லிருந்து எண்ணினால் ஜனவரி 30 வரை. நீங்கள் 27-லேயே அனுப்பிவிட்டீர்கள். மெமோவில் தேதி முத்திரை தெளிவாக விழாமல், கிளையில் யாரும் பதில் சொல்லாமல் வாடிக்கையாளரை அலையவிடும் பேங்குகளை என்ன சொல்வது! முத்திரை மங்கலாக இருந்தால் ஒரு கடிதம் கொடுத்து மறுபடி போட்டு வாங்குங்கள். எஸ்.எம்.எஸ்ஸை அழிக்காதீர்கள். தபால் டிராக்கிங் பக்கத்தையும் இப்போதே பிரிண்ட் எடுத்துவிடுங்கள்; பல மாதம் கழித்துத் தேடினால் கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது.

மாதக் கடைசியில் மாட்டுகிறவர்களுக்கு ஒரு விதிவிலக்கு உண்டு. நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் என்பதால் விரித்தே சொல்கிறேன். உரிமை பிறந்த நாள் ஜனவரி 31 என்று வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் 31 கிடையாது. அப்போது மார்ச் 3 வரை நேரம் என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை. அதே தேதி அடுத்த மாதத்தில் இல்லாவிட்டால், அந்த மாதத்தின் கடைசி நாளோடு கெடு முடிந்தது. ஜனவரி 28, 29, 30, 31 நான்குக்கும் பிப்ரவரி 28-தான் முடிவு. லீப் வருடமானால் 28-க்கு 28. மற்ற மூன்றுக்கும் 29. இது புதுசாக வந்த விளக்கம் அல்ல. 1881-ல் வந்த மாற்றுமுறை ஆவணச் சட்டமே, உண்டியல் (பணம் தரச் சொல்லி எழுதும் வணிகச் சீட்டு), புரோநோட்டு (கடன் பத்திரம்) இவற்றின் தவணையைப் பற்றிப் பேசும் இடத்தில், 1878 ஜனவரி 29 தேதியிட்ட ஒரு மாதத் தவணை ஆவணத்தை உதாரணம் காட்டி, அந்த ஒரு மாதம் பிப்ரவரி 28-ல் முடிகிறது என்கிறது. அதன்மேல் சலுகை நாள் மூன்று. அந்தச் சலுகை நாள் அத்தகைய தவணை ஆவணங்களுக்கு மட்டும்தான். உங்கள் புகாருக்குச் சலுகை நாள் ஒன்றுகூடக் கிடையாது. இதையும் சேர்த்துக்கொண்டு மூன்று நாள் கூடுதலாக எண்ணிவிட்டு வருகிறவர்கள் உண்டு.

தாமதமானால் மன்னிப்பு இல்லையா என்றால், புகார் தாக்கலுக்கு மட்டும் உண்டு. தகுந்த காரணம் காட்டித் தனி மனு போட வேண்டும். “30 நாள் என்று நினைத்தேன்” என்பதைத் தகுந்த காரணமாக நீதிபதி ஏற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். நோட்டீஸ் அனுப்பும் 30 நாள் கெடு தவறினால் இந்த மன்னிப்பு கிடையாது. அதற்கு வேறு வழி, செக்கை மறுபடி பேங்கில் போட்டு, மறுபடி திரும்பினால் புது நோட்டீஸ் அனுப்புவது. ஆனால் செக் உயிரோடு இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 1.4.2012 முதல் செக்கின் ஆயுள் மூன்று மாதம். முன்பு ஆறு மாதமாக இருந்தது. நவம்பர் 15 தேதியிட்ட உங்கள் செக்கின் காலம் பிப்ரவரி நடுவிலேயே முடிந்துவிட்டது. ஆகையால் உங்களுக்கு அந்த வழி இல்லை.

கடைக்காரர் இப்போது “மாசக் கடைசியில் தந்துடறேன் அக்கா, கோர்ட்டெல்லாம் எதுக்கு” என்று பேச ஆரம்பிப்பார். கெடு முடியும் வரை இழுப்பதற்கான பேச்சு அது. தருவதானால் மார்ச் முதல் வாரத்துக்குள் கணக்கில் போடச் சொல்லுங்கள். அவருக்காக உங்கள் தேதியைத் தள்ளாதீர்கள்.

மார்ச் 16 என்று சொன்னேனே தவிர, அதுவரை காத்திருக்கச் சொல்லவில்லை. 14, 15 சனி, ஞாயிறு. 16-ல் போய் நின்று, ஒரு பக்கத்தில் கையெழுத்து இல்லை என்று பேப்பரைத் திருப்பிக் கொடுத்தால் உங்கள் கதி என்ன? சின்னக் குறைக்கெல்லாம் ரிட்டர்ன் போடுவது கோர்ட் அலுவலகங்களில் அன்றாட நடைமுறை. ஒரு தடவையில் எல்லாக் குறையையும் சொல்லாமல், தடவைக்கு ஒன்றாகச் சொல்லி ஆளை நடக்க வைப்பதும் உண்டு. ஆகவே மார்ச் 6-க்குள் தாக்கல் செய்து, தேதி முத்திரை விழுந்த நகலைக் கையில் வாங்கிவிடுங்கள். உங்கள் கணக்கு தாம்பரம் கிளையில் இருந்து அதில் செக்கைப் போட்டிருந்தால், வழக்கு அந்த எல்லைக்குரிய நடுவர் நீதிமன்றத்தில்தான். கடை தி.நகரில் இருப்பதால் அங்கே போடலாம் என்று சொல்பவரை நம்பாதீர்கள்.

இனிமேல் பில் போடும்போது ‘30 டேஸ்’, ‘ஒன் மந்த்’, ‘7 வொர்க்கிங் டேஸ்’ என்றெல்லாம் எழுத வேண்டாம். இரண்டாவது, நான்காவது சனி பேங்குக்கு விடுமுறை, உங்கள் கடைக்காரருக்கு வேலை நாள். யாருடைய வேலை நாள் என்று பிறகு சண்டை வரும். ‘பைமன்த்லி’ என்றால் மாதம் இரண்டு தடவை என்று ஒருவரும், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்று இன்னொருவரும் சாதிப்பார்கள். ‘இயர் எண்ட்’ என்றால் டிசம்பரா மார்ச்சா என்பது அவரவர் ஆடிட்டரைப் பொறுத்தது. பில்லின் அடியில் ‘20.4.2026 அன்றோ அதற்கு முன்போ செலுத்த வேண்டும்’ என்று தேதியாகவே எழுதி, சரக்கை வாங்குகிறவரிடம் அதற்குக் கீழே கையெழுத்து வாங்குங்கள்.