விபத்துச் சிகிச்சைப் படிப்பு: நாங்குநேரித் தந்தை ஒருவருக்குப் பதில்

அன்புள்ள அண்ணாச்சி அவர்களுக்கு,

தங்கள் மகள் விபத்து மற்றும் அவசரச் சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிக்க விரும்புவதையும், ஸ்ட்ரெச்சர் தள்ளுவதற்கா மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் என்று தாங்கள் மனம் வெதும்புவதையும் கடிதத்தில் கண்டேன்.

நான்குவழிச் சாலையில் அடிபட்டவரை 108 வண்டி பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் இறக்கும்போது, முறிந்து தொங்கும் காலைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பயிற்சி பெற்றவரோ, பீறிடும் இரத்தம் இருந்தால் அதை அழுத்தி நிறுத்திவிட்டு, மூச்சுப்பாதை, சுவாசம், இரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசையில் சோதித்து, பின்னர் உடைகளை நீக்கி உடல் முழுவதையும் பார்ப்பார். 1976இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், தாமே ஓட்டிய சிறு விமானம் விழுந்து மனைவியை இழந்த எலும்பு மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனர், காயமுற்ற தம் பிள்ளைகளுக்கு உள்ளூர் மருத்துவமனையில் கிடைத்த சிகிச்சையின் குறைகளைக் கண்டு நொந்ததே இம்முறையான பயிற்சிக்கு வித்திட்டது. மருத்துவர்களுக்காகத் தோன்றிய அந்த வரிசையை இன்று செவிலியரும் டெக்னீஷியன்களும் கற்கிறார்கள்.

தாங்கள் எளிதாக நினைக்கும் ஸ்ட்ரெச்சர் வேலையையே எடுத்துக்கொள்வோம். முதுகெலும்பில் அடி என்று ஐயம் இருந்தால், ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்து எண்ண, மற்ற மூவர் அந்த எண்ணிக்கைக்கு ஒரே சீராக உடலைப் புரட்ட வேண்டும். ஒருவர் முந்தினாலும் தண்டுவடத்துக்குக் கேடு வரலாம். புத்தகத்தில் படித்து இது கைக்கு வராது.

ஆகவே கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். அதற்குச் சொந்த மருத்துவமனை உண்டா, அங்கே இரவிலும் விபத்து நோயாளிகள் வருகிறார்களா, பயிற்சி மாணவர்களைக் கைவைக்க விடுகிறார்களா என்று கேளுங்கள். இல்லையெனில் உள்ளிருப்பு ஆண்டு வேடிக்கை பார்ப்பதிலேயே கழிந்துவிடும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தொடக்கச் சம்பளம் பெரிதாக இராது, இரவுப்பணி உண்டு, இப்படிப்பு எம்.பி.பி.எஸ்.ஸுக்குக் குறுக்குவழியும் அன்று. வெளிநாட்டு வேலைதான் குறிக்கோள் என்றால் நர்சிங்கே மேல் என்பேன். ஆனால் விபத்தில் சிக்கியவர்களுக்காகத் தமிழக அரசு 2021இல் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குத் தனியார் மருத்துவமனைகளும் சேர்க்கப்பட்டிருப்பதால், பழகிய கைகளுக்குத் தேவை இருக்கவே செய்யும். இரத்தத்தைக் கண்டு மயங்குவாளோ என்ற அச்சத்தையும் விடுங்கள். முதல் வாரங்களில் பலருக்கும் தலை சுற்றும், பிறகு பழகிவிடும்.

அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. விண்ணப்பத்தை, மருத்துவப் படிப்புகளுக்கு மாணவர்களைச் சேர்க்கும் அரசுத் தேர்வுக் குழுவின் இணையதளத்தில் நேரடியாகச் செலுத்துங்கள். இடம் வாங்கித் தருவதாக வருபவர் எவருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.