வார்டில் நின்று எதைக் கவனிப்பது?

கேள்வி: நான் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு மாணவி. பிசியோதெரபி, பார்மசி மாணவர்களோடு எங்களையும் சேர்த்து வார்டுக்கு அனுப்பி, பல துறையினர் எவ்வாறு இணைந்து பணியாற்றுகிறார்கள் என்று கவனிக்கச் சொல்கிறார்கள். கையால் எதையும் செய்யாமல் ஓரமாக நிற்பதால் என்ன பயன்?

பதில்: நிற்பதோடு முடிந்துவிட்டால் உங்கள் சலிப்பு நியாயமானதே. பல துறை மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டி கூறுகிறது. ஒரே வார்டில் ஒரே நேரத்தில் இருப்பதால் மட்டும் அது நிகழ்ந்துவிடாது.

உங்கள் துறையின் மூத்தவரையே பின்தொடராமல், நோயாளியைப் பற்றிய ஒரு செய்தியைப் பின்தொடர்ந்து பாருங்கள். பக்கவாதம் வந்த ஒருவரால் விழுங்க முடியுமா என்று அதற்கெனப் பயிற்சி பெற்றவர் சோதித்த பிறகே மாத்திரையை வாய்வழியாகக் கொடுப்பது பற்றி முடிவெடுக்க முடியும். பொடித்துக் கொடுக்கலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேட்க வேண்டும். ஏனெனில் மருந்தை மெல்ல மெல்ல வெளியிடும்படி செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால், பல மணி நேரத்துக்கான அளவு ஒரேயடியாக உடலில் சேர்ந்துவிடக்கூடும். எழுதித் தருபவர் மருத்துவர், கொடுப்பவர் செவிலியர். இவர்களில் யார் யாரிடம் சொன்னார், கேஸ் ஷீட்டில் எழுதியதோடு விட்டுவிட்டாரா, டூட்டி மாறும்போது அச்செய்தி அடுத்தவரை அடைந்ததா என்பவையே நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டியவை. பேசாமல் இருந்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் அவர் பணியில் இளையவராகவே இருப்பார்.

அறுவை அரங்குக்குள் அனுமதி கிடைத்தால், கத்தி வைப்பதற்கு முன் குழுவினர் தம் பெயரையும் பொறுப்பையும் சொல்லிக்கொள்கிறார்களா என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் அதுவும் ஓர் அம்சம். சில இடங்களில் அதை வாய்ப்பாடு போல் ஒப்பித்துவிடுவதும் உண்டு.

பார்த்து முடித்ததும் பிற துறை மாணவர்களோடு உட்கார்ந்து குறிப்புகளை ஒப்பிட்டுப் பேசுங்கள். ஒரே ரவுண்ட்ஸில் நீங்கள் புண்ணைக் கவனித்திருப்பீர்கள், பிசியோதெரபி மாணவர் நோயாளி எழுந்து உட்கார்ந்த விதத்தைக் கவனித்திருப்பார். நேரமில்லை என்று ஆசிரியர்கள் முதலில் கைவிடுவது இந்த உரையாடலைத்தான். அதைக் கைவிடுவதைவிட வார்டில் நிற்கும் நேரத்தைக் குறைப்பதே மேல் என்பது என் கருத்து.

குறிப்பேட்டில் நோயாளியின் பெயரோ படுக்கை எண்ணோ இடம்பெறக் கூடாது. நீங்கள் மாணவி என்பதை நோயாளியிடம் முன்னதாகவே சொல்லி, அவர் இசைந்தால் மட்டும் அருகில் நில்லுங்கள்.