ஊட்டச்சத்தியல் மாணவர்களுக்கு மெனு திட்டமிடலைக் கைபேசிச் செயலி மூலம் கற்பிக்கலாமா?

ஊட்டச்சத்தியல் மாணவர்களுக்கு மெனு திட்டமிடலைக் கைபேசிச் செயலிகளின் துணையுடன் கற்பிப்பது நல்லதா, அல்லது உணவுச் சத்து அட்டவணையையும் கணிப்பானையும் வைத்துப் பழைய முறையிலேயே கற்பிக்க வேண்டுமா என்பது கேள்வி. இந்தப் பாடத்தை நடத்தி வருகிறவன் என்ற முறையில் என் பதில்: செயலி தேவைதான். ஆனால் அது கணக்கைக் கற்றுக்கொடுக்கும் என்றோ மெனுவைக் கற்றுக்கொடுக்கும் என்றோ எதிர்பார்க்கக் கூடாது. கணக்கை அதற்கு முன்பே மாணவர் கற்றிருக்க வேண்டும். மெனுவை ஆசிரியர்தான் கற்பிக்க வேண்டும். போட்ட திட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி போடுவதற்கு மாணவர் தயங்காதபடி செய்வதே செயலியால் கிடைக்கும் நன்மை.

அது சிறிய நன்மை அல்ல. ஒரு நாள் மெனுவில் 20 பொருட்கள் இருந்து, ஒவ்வொன்றிலும் 10 சத்துகளைக் கணக்கிட வேண்டுமானால் 200 முறை பெருக்க வேண்டும். அவ்வளவும் செய்து முடித்த பிறகு இரும்புச்சத்து குறைகிறது என்று தெரிந்தால், மாணவர் மெனுவை மாற்றுவதில்லை. ஏதாவது ஒரு பொருளின் அளவைக் கூட்டி அந்த ஒரு வரியைச் சரிக்கட்டிவிட்டுத் தாளைக் கொடுத்துவிடுகிறார். விளைவாக, எவராலும் சாப்பிட்டு முடிக்க முடியாத அளவு பருப்பு ஒரே வேளையில் வந்து நிற்கிறது. செயலியில் ஒன்றை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் எல்லா மொத்தங்களும் அந்தக் கணமே மாறிவிடுகின்றன. பாலை நீக்கியதும் கால்சியத்தோடு சேர்ந்து ரைபோஃபிளேவினும் (வைட்டமின் பி2) வைட்டமின் பி12-உம் இறங்குவதைத் தன் கண்ணாலேயே பார்க்கும் மாணவருக்கு, சத்துகள் தனித்தனியாக வருவதில்லை என்பதை நான் நீட்டி விளக்க வேண்டியதில்லை.

ஆனால் முதல் சில மெனுக்களைக் கையால்தான் கணக்கிடச் சொல்கிறேன். மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 கலோரி என்ற கணக்கு விரல் நுனியில் இருக்கும் மாணவர்தான், செயலி தவறான எண்ணைக் காட்டும்போது புருவத்தை உயர்த்துவார். அடிக்கடி நேரும் பிழை ஒன்றைச் சொல்கிறேன். திட்டத்தில் 75 கிராம் அரிசி என்று இருக்கிறது. மாணவர் செயலியில் தேடுகிறார். வேகவைத்த அரிசி முதலில் வருகிறது. அதைத் தொட்டு 75 என்று இடுகிறார். சமைக்காத அரிசி 100 கிராமுக்கு ஏறத்தாழ 360 கலோரி தரும். வெந்த சோறு நீரை உறிஞ்சியிருப்பதால் அதே 100 கிராமுக்கு 130 கலோரி அளவில்தான் தரும். ஆக, 270 கலோரி என்று வர வேண்டிய இடத்தில் 98 வந்துவிடுகிறது. மூன்று வேளையும் இப்படியே நடந்தால், மீதியை நிரப்ப எண்ணெயும் சர்க்கரையும் உள்ளே வந்துவிடும். அட்டவணையைப் புரட்டிக் கணக்கிட்டுப் பழகியவர் இந்த இடத்தில் தடுமாறுவது குறைவு. தோல், கொட்டை நீக்கிய எடையா, வாங்கிய எடையா என்ற கேள்வியும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

இதைவிட ஆபத்தானது, தரவு இல்லாத இடத்தைச் சுழியம் என்று எடுத்துக்கொள்வது. பொட்டலத்தின் லேபிளிலிருந்து சேர்க்கப்பட்ட பதிவுகளில், லேபிளில் அச்சிடாத சத்து எதுவும் இருக்காது. பாஸ்பரஸை லேபிளில் குறிப்பிடும் வழக்கம் அரிது. அதனால் பதப்படுத்தப்பட்ட சீஸ் ஒரு துண்டைச் சேர்த்தால், பல செயலிகளில் பாஸ்பரஸ் கணக்கு அசையாமல் நிற்கிறது. உண்மையிலோ, அந்த வகைச் சீஸில் பாஸ்பேட் உப்புகளையே சேர்த்திருப்பார்கள். அப்படிச் சேர்க்கப்படும் பாஸ்பேட், தானியத்திலும் பயறிலும் இயல்பாக உள்ள பாஸ்பரஸைவிட எளிதாக உடலில் சேரும். பாஸ்பரஸைக் கட்டுப்படுத்த வேண்டிய சிறுநீரக நோயாளிக்கு மாணவர் ஒரு மெனு தயாரிக்கிறார், எல்லாம் வரம்புக்குள் இருப்பதாகச் செயலி பச்சை நிறம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சைக்குப் பின்னால் எத்தனை வெற்றிடங்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கச் சொல்வதையே நான் ஒரு முழு வகுப்பின் வேலையாக வைத்திருக்கிறேன். ஒரே மெனுவை இரண்டு செயலிகளில் இட்டு, எந்தச் சத்தில் எண்கள் விலகுகின்றன, ஏன் விலகுகின்றன என்று எழுதச் சொன்னால், பிழைகள் தாமாகவே வெளிவந்துவிடும்.

இது இன்றைய செயலிகளோடு பிறந்த சிக்கலும் அல்ல. 1945-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் 77 உணவுப் பொருட்களையும் 9 சத்துகளையும் எடுத்துக்கொண்டு, தேவையை நிறைவு செய்யும் மிக மலிவான உணவு எது என்று கணக்கிட்டார். கோதுமை மாவு, வற்றவைத்த பால், முட்டைக்கோஸ், பசலைக்கீரை, உலர்ந்த பீன்ஸ் என்று அவருடைய விடை அமைந்தது. கணக்காகப் பார்த்தால் குறையில்லை; ஆண்டு முழுவதும் அதையே சாப்பிடுவதற்கு யாரும் சம்மதிக்க மாட்டார்கள், அவரும் அப்படிப் பரிந்துரைக்கவில்லை. இத்தகைய கணக்குகளுக்கு மிகச் சிறந்த விடையைத் தேடித் தரும் சிம்ப்ளெக்ஸ் என்ற கணித முறையை உருவாக்கிய ஜார்ஜ் டான்ட்சிக், 1950-களில் தன் எடையைக் குறைக்க இதே போன்ற கணக்கைக் கணினியிடம் கொடுத்தபோது, நாளொன்றுக்கு 500 காலன் வினிகர் குடிக்குமாறு விடை வந்தது. நீர் நீங்கலான எடை மிகுந்த உணவைத் தேடும்படி கணக்கை அமைத்திருந்தார்; அவர் வைத்திருந்த அட்டவணையில் வினிகரின் நீர் அளவு சுழியம் என்று இருந்ததுதான் காரணம். இந்தக் கதையை வகுப்பில் சொன்னால் சிரிப்பு எழும். அதற்கு அடுத்த பயிற்சியில் சுழியங்களைச் சந்தேகிக்கும் கண்களும் கூடும்.

எண்கள் எல்லாம் சரியாக இருந்தாலும் உடலுக்குள் நடப்பதைச் செயலி பெரும்பாலும் சொல்வதில்லை. பசலைக்கீரையின் கால்சியத்தை அது அப்படியே கூட்டிக்கொள்கிறது. கீரையில் கால்சியத்தைப் பிணைத்துக்கொள்ளும் ஆக்சலேட் என்ற பொருள் இருப்பதால் அதில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான் உடலில் சேர்கிறது, பாலிலிருந்தோ 30 விழுக்காட்டை ஒட்டிச் சேர்கிறது என்ற வேறுபாடு மொத்தத்தில் மறைந்துவிடுகிறது. பயறின் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும் தேநீரை அதோடு வைப்பதற்கும், கூட்டும் எலுமிச்சைச் சாற்றை வைப்பதற்கும் உள்ள வேறுபாடும் அவ்வாறே மறைகிறது.

இவை எல்லாம் சத்துக் கணக்கின் எல்லைக்குள் வருபவை. மெனு என்பதோ அந்த எல்லைக்கு வெளியிலும் பாதி நிற்கிறது. வெள்ளை மீன், மசித்த உருளைக்கிழங்கு, வேகவைத்த காலிஃபிளவர் என்று ஒரு தட்டை அமைத்தால் செயலி மறுப்புச் சொல்லாது. மூன்றும் ஒரே நிறம், ஒரே மென்மை என்பதைத் தட்டைப் பார்க்கிறவர்தான் சொல்ல வேண்டும். 200 பேருக்குச் சமைக்கும் சமையற்கூடத்தில் ஒரே வேளைக்கு மூன்று பதார்த்தங்களும் ஒரே அடுப்பறைச் சாதனத்துக்குக் காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும், குறிப்பிட்ட வாரங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் சுழற்சி மெனுவில் வாரக் கடைசியும் அடுத்த வாரத் தொடக்கமும் சேரும் இடத்தில் ஒரே உணவு அடுத்தடுத்து வந்துவிடுகிறதா என்பதும் கைபேசித் திரையில் தெரியாது. தரப்படுத்திய செய்முறையும் பரிமாறும் கரண்டியின் அளவும் உறுதியாக இல்லாத கூடத்தில், செயலி காட்டும் தசமப் புள்ளிகளுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஆகவே மொத்த எண்களுக்கு நான் மிகக் குறைவான மதிப்பெண்ணே தருகிறேன். முதல் வரைவு, இறுதி வரைவு இரண்டின் ஸ்கிரீன்ஷாட்டுகளையும், இடையில் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வாக்கியக் காரணத்தையும் கேட்கிறேன். “செயலி சிவப்பு காட்டியது” என்பதைக் காரணமாக ஏற்பதில்லை.

செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, ஒவ்வொரு பதிவும் எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று காட்டுகிறதா, சொந்தச் செய்முறையைச் சமைக்காத எடையிலும் சமைத்த எடையிலும் சேமிக்க விடுகிறதா என்ற இரண்டை மட்டும் பார்த்தால் போதும். பயனர்கள் தாங்களே சேர்த்த பதிவுகள் நிறைந்த செயலியைப் பிழை தேடும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். இன்னொன்று: மாணவர்கள் தங்கள் உடல் எடையையும் தாங்கள் உண்பதையும் பதிவு செய்யும்படி பயிற்சியை அமைக்காதீர்கள். அது அவர்களுடைய அந்தரங்கத் தகவல். அதோடு, உணவைப் பற்றி ஏற்கெனவே மனப்போராட்டத்தில் இருக்கும் ஒருவர் வகுப்பில் இருந்தால், கலோரியை அன்றாடம் எண்ணவைப்பது அவருக்குத் தீங்காக முடியலாம். வயது, உயரம், எடை, வேலை, நோய் ஆகியவற்றைக் குறித்த ஒரு கற்பனை நபரின் விவரத்தாளை ஒவ்வொருவருக்கும் கொடுத்துவிடுங்கள். மெனு அவருக்காக அமையட்டும்.