இறந்த அப்பாவின் பவரை வைத்து நிலத்தை விற்ற சித்தப்பா: புகார் கொடுப்பது பாவமா?

கேள்வி: எங்களுக்கு வத்தலக்குண்டு பக்கம். அப்பா சொந்தமாக வாங்கிய 40 சென்ட் நிலத்துக்கு, உடம்பு முடியாத காலத்தில் சித்தப்பா பெயரில் பவர் (தன் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) எழுதிக் கொடுத்தார். 2022 மார்ச்சில் அப்பா இறந்துவிட்டார். போன வருடம் வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான், 2023 ஜனவரியில் அதே பவரை வைத்து சித்தப்பா நிலத்தை விற்றது தெரிந்தது. அப்பா உயிரோடு இருப்பதாக ஒரு சான்றும் கொடுத்திருக்கிறார். கேட்டால், "உங்க அப்பாவோட ஆஸ்பத்திரி செலவை யார் பார்த்தது?" என்கிறார். அவர் செலவு செய்தது உண்மை. என் காலேஜ் ஃபீஸைக்கூட இரண்டு வருடம் அவர்தான் கட்டினார். அவர் மகள் கல்யாணத்தன்று மண்டபத்தில் போலீஸ் வந்து நிற்கணும் என்கிறான் தம்பி. விவசாயக் கரண்டில் அவர் லேத் பட்டறை ஓட்டுவதையும் ஈ.பி.யில் சொல்லிவிடலாமாம். அம்மாவோ, "சோறு போட்டவரை ஜெயிலுக்கு அனுப்பினா பாவம். அப்பத்தா அந்த வீட்டில்தான் இருக்கு, தாங்காது" என்று அழுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரிக்கு, புகார் கொடுக்க முடியுமா என்பதைவிட, கொடுப்பது சரியா என்பதுதான் உங்களை வாட்டுகிறது. நேராகவே சொல்கிறேன். கொடுக்கலாம், அதில் பாவம் இல்லை. ஆனால் அவர் செய்ததை மட்டும் சொல்ல வேண்டும், செய்தவரை மட்டும் சொல்ல வேண்டும்.

முதலில் சட்டம். பவர் கொடுத்தவர் இறந்தால் பவரும் முடிந்துவிடுகிறது. இந்திய ஒப்பந்தச் சட்டம் 201ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. பவர் ஏஜென்டுக்கே அந்தச் சொத்தில் உரிமை இருந்தால் கதை வேறு. அதனால் பவர் பத்திரத்தில் சித்தப்பாவிடம் பணம் பெற்றதாக ஏதாவது எழுதியிருக்கிறதா என்று வரி விடாமல் படியுங்கள். இல்லையென்றால், சொந்த அண்ணனின் சாவு தனக்குத் தெரியாது என்று எந்தக் கோர்ட்டிலும் அவர் சொல்ல முடியாது.

அம்மா ஒன்றைக் கவனிக்கவில்லை. நீங்கள் இந்துக் குடும்பம், அப்பா உயில் எழுதவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், தாய் எல்லோருக்கும் சம பங்கு. அப்பா கண்மூடிய அன்றே அந்த 40 சென்டில் அம்மாவுக்கு 10, உங்களுக்கு 10, தம்பிக்கு 10, அப்பத்தாவுக்கு 10. சித்தப்பா தன்னைப் பெற்றவளின் பங்கையும் சேர்த்துத்தான் விற்றிருக்கிறார். அப்பத்தாவுக்காக வாயை மூடிக்கொண்டால், அவருடைய பங்கும் போய்விடும். அவருக்கு இது தெரியுமா? தெரியாவிட்டால், போலீஸ் வாசலில் வந்து நிற்பதற்கு முன்னால் உங்கள் வாயால் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.

நிலத்தை வாங்கியவரையும் யோசியுங்கள். 2009இல் முகமது இப்ராஹிம் வழக்கில், தனக்கு உரிமையில்லாத சொத்தை ஒருவர் விற்றால், மோசடி செய்யப்பட்டவர் காசு கொடுத்து வாங்கியவரே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் நிலத்தை வாங்கியவர் உண்மை தெரியாமல் வாங்கியிருந்தால், நாளைக்கு அதில் வீடு கட்டக் கடனும் வாங்குவார். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அவர் நஷ்டம் கூடும். அவர் உங்களுக்கு எதிராகவும் வாதாடுவார். பவர் கொடுத்தவர் இறந்தது தனக்குத் தெரியாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவைப் பிடிப்பார். அந்த உயிர்வாழ் சான்றை யார் கொடுத்தது, எப்படி வாங்கப்பட்டது என்பதுதான் அப்போது வழக்கின் உயிர்.

சரி, சித்தப்பா செய்த உதவி? அது உதவிதான், மறுக்கவே மறுக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸிலேயே, ஆஸ்பத்திரிக்கும் படிப்புக்கும் அவர் செலவு செய்தது உண்மை, ரசீதோடு கணக்குக் காட்டினால் பேசத் தயார் என்று எழுதச் சொல்லுங்கள். எதிர்த்தரப்புக்குச் சாதகமாக ஒரு வரியும் எழுதக்கூடாது என்று சில வக்கீல்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உண்மையை ஒப்புக்கொண்டவரின் மீதிப் பேச்சையும் நீதிபதி நம்புவார். உங்கள் மனசாட்சிக்கும் அதுதான் நல்லது. ஆனால் செலவு செய்த பணத்தைக் கேட்க வழி இருந்தது. செத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று பொய்ச் சான்று வைக்க எந்த நன்றிக்கடனும் அனுமதி கொடுக்காது.

தம்பியின் கோபம் புரிகிறது. கோபத்தில் கொடுத்தார் என்பதற்காக உண்மையான புகார் பொய்யாகிவிடாது. ஆனால் கல்யாண மண்டபத்துக்குப் போலீஸை அனுப்பும் யோசனையை விட்டுவிடச் சொல்லுங்கள். அந்தப் பெண் உங்களுக்கு என்ன செய்தாள்? அதேபோல, பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துகூடப் போடாத சித்தியையும் அவர் மகனையும் புகாரில் சேர்க்காதீர்கள். குடும்பத்தையே இழுத்துவிட்டால் வழக்கு பலமாகும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு இருக்கிறது. தெரிந்தே பொய்க் குற்றம் சாட்டினால், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 248ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு; சாட்டிய குற்றம் ஆயுள் தண்டனைக்குரியது என்றால் பத்து வருடம் வரை. கரண்டு விஷயமும் இப்போது வேண்டாம். அவர் நல்லவராக இருந்தவரை அது உங்கள் கண்ணை உறுத்தவில்லையே. "பணம் தராவிட்டால் ஈ.பி.யில் சொல்வோம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி போட்டாலும், மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று அவர் திருப்பிப் புகார் கொடுக்க வழி ஆகிவிடும்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அம்மாவுக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். கொஞ்சம் பயமுறுத்திவிட்டு அப்புறம் வாபஸ் வாங்கிக்கொள்ளலாம் என்று இதில் இறங்கக் கூடாது. புதிய சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்பே விற்பனை நடந்ததால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் வரும். 420ஆம் பிரிவு மோசடியை கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யலாம். ஆனால் பத்திரத்தைப் போலியாக உருவாக்குவதற்கான 467ஆம் பிரிவில் ஆயுள் தண்டனை வரை உண்டு. அதைக் குடும்பம் பேசி முடிக்க முடியாது, உயர் நீதிமன்றம்தான் ரத்து செய்ய வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு அம்மா சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டாலும் உங்கள் பங்குக்காக நீங்கள் தனியாகப் புகார் கொடுக்கலாம்.

புகாருக்குக் கல்யாணம் முடியும்வரை சில வாரம் பொறுப்பதில் தவறில்லை. சிவில் வழக்கு அப்படிக் காத்திருக்காது. அந்தக் கிரயம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்று கோர்ட் அறிவிக்கும்படி (விளம்புகை) கேட்க, விஷயம் தெரிந்த நாளிலிருந்து மூன்று வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே கிரயப் பத்திரம், பவர் இரண்டுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் மனு போடுங்கள். உயிர்வாழ் சான்றின் நகலையும் கேளுங்கள். இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் சேர்த்து வையுங்கள். பட்டா மாறாமலிருக்க தாசில்தாரிடம் ஆட்சேபணை மனு கொடுங்கள். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் ஸ்டேஷனை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் எஸ்.பி.க்குத் தபாலில் புகார், அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்.

புகாருக்கும் வழக்குக்கும் முன்னால் சித்தப்பாவுக்கு 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். அவர் பேச வந்தால் நிலத்தை வாங்கியவரும் அப்பத்தாவும் கட்டாயம் உடனிருக்க வேண்டும். என்ன முடிவானாலும் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.