அட்டையில் ஒட்டியிருந்த ஊரி

அன்புள்ள அக்கா,

வாழைச்சேனைப் பக்கம் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் மச்சான் சுழியோடி. அவர் கொண்டுவந்த கடலட்டை ஒன்றின் தோலில் நாலைந்து மில்லிமீற்றர் நீளத்தில், சின்னச் சங்கு போன்ற ஓர் ஊரி ஒட்டியிருந்தது. வெள்ளை நிறம், நல்ல மினுக்கம், முனை ஊசிபோல. மீன்வாடியில் கேட்டால் ஒருவர் ‘அட்டையின் குஞ்சு’ என்றார், மற்றவர் ‘இரத்தம் குடிக்கிற சாமான்’ என்றார். பிள்ளைகளுக்கு இரண்டாவதைச் சொன்னேன். “அப்ப அது சோம்பேறி சேர், உழைக்காமல் சாப்பிடுது” என்றாள் ஒருத்தி. நானும் ஓமென்று விட்டேன். சரிதானா? இதனால் அட்டை சாகுமா?

க., வாழைச்சேனை

அன்புள்ள தம்பி,

இரண்டாமவர் சொன்னதுதான் கிட்ட வருகிறது. நீங்கள் எழுதிய அடையாளங்கள் யூலிமிடே என்ற நத்தைக் குடும்பத்துக்குப் பொருந்துகின்றன. கடலட்டை, நட்சத்திரமீன், கடல்முள்ளி போன்ற முட்தோலிகளில் ஒட்டி வாழும் கூட்டம் அது. மற்ற நத்தைகள் பெரும்பாலும் நாக்கிலுள்ள பல்வரிசையால் சுரண்டித் தின்னும். இவற்றில் பெரும்பாலானவைக்கு அந்தப் பற்களே இல்லை. உறிஞ்சுகுழலைத் தோலுக்குள் இறக்கி உடற்திரவத்தைக் குடிக்கும். ஒன்றிரண்டு ஒட்டியதால் அட்டை சாவது வழக்கமில்லை. அது செத்தால் ஊரிக்கும் சாப்பாடு போய்விடுமே.

ஆனால் சோம்பேறி என்பதை நான் ஏற்கமாட்டேன். முட்டையிலிருந்து வரும் குஞ்சு கண்ணுக்கே தெரியாத அளவு. பொதுவாக அது நீரோட்டத்தோடு மிதந்து திரிந்து, கடைசியில் தனக்குச் சாப்பாடு தரும், தனக்கேற்ற முட்தோலியின் மேல் போய்ச் சேரவேண்டும். எந்த முட்தோலியும் சரி என்று விடுகிற இனங்கள் குறைவு. பாசிக்குடாவுக்கு வெளியே ஓர் அட்டைக்கும் அடுத்த அட்டைக்கும் எவ்வளவு தூரம் நீந்த வேண்டும் என்று மச்சானைக் கேளுங்கள். சேர்ந்த பிறகும் சோடி வேண்டும். நீல நட்சத்திரமீனில் ஒட்டும் தைக்கா கிறிஸ்டலினா என்ற இனத்தில் பெண் அங்கேயே நிலையாகத் தங்கிவிடும், குட்டி ஆண் அவளுடைய ஓட்டுக்குக் கீழே குடியிருக்கும். வேறு சில இனங்கள் குடித்து முடித்ததும் இறங்கி மணலுக்குள் போய்விடும். பிறகு பசித்தால் திரும்பவும் தேட வேண்டியதுதான்.

அப்புறம், ‘அட்டையின் குஞ்சு’ என்றவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். 1851இல் ஜெர்மானிய அறிஞர் யொஹானஸ் முல்லர் அட்ரியாட்டிக் கரையில், திரியெஸ்த் நகரில், சினாப்டா என்ற நீண்ட கடலட்டைகளை அறுத்துப் பார்த்தார். சிலவற்றின் உள்ளே ஒரு குழாய் தொங்கியது. குழாய்க்குள் ஓட்டோடு குட்டி நத்தைகள்! அட்டை நத்தையைப் பெறுகிறதா? அந்தக் காலத்தில் விலங்கியலில் அவருக்குச் சமமானவர்கள் கொஞ்சப்பேர்தான். அவரே குழம்பிப்போய், அடுத்த வருடம் இதைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார். உண்மையில் அந்தக் குழாய்தான் தாய் நத்தை. அட்டையின் உடலுக்குள் வாழ்ந்து வாழ்ந்து ஓடு, கால், தலை எல்லாம் இல்லாமல் போன ஒன்று. குஞ்சுகளுக்கு மட்டும் ஓடு மிஞ்சியிருந்ததால்தான் இனம் பிடிபட்டது. எண்டோகொங்கா மிராபிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். உங்கள் வாடிக்காரர் முல்லருக்குப் பக்கத்தில் உட்காரத் தகுதியுள்ளவர்.

எனக்கு இதில் வேறொரு மனக்குறை. 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரிட்டிஷ் அதிகாரி எமர்சன் டெனன்ட், வாவியில் கேட்கும் பாட்டு ஊரியிலிருந்து வருகிறது என்று நம்மூர் மீனவர் சொன்னதை எழுதிவைத்தார். வாவி ஊரிக்கு அந்தப் பெருமையாவது கிடைத்தது. அட்டையில் ஒட்டும் ஊரியை யார் பார்க்கிறார்கள்? அட்டையைக் கீறி, அவித்து, காயவைக்கிறோம், இது எங்கோ உதிர்ந்து போகிறது. அட்டை குறைந்தால் முதலாளிக்கு உடனே தெரியும். கூடவே இந்த ஊரி குறைவதை எந்தக் கணக்கிலும் எழுதமாட்டார்கள்.

அடுத்த முறை கிடைத்தால் பிடுங்காதீர்கள், உறிஞ்சுகுழல் உள்ளே அறுந்துவிடும். கடல்நீர் நிறைந்த பேசினில் அட்டையை விட்டு, பூதக்கண்ணாடியால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒட்டிய இடத்தைப் படமெடுங்கள். அட்டை எந்த வகை, எந்த ஆழத்தில் எடுத்தது என்பதை மச்சானிடம் கேட்டு எழுதிவையுங்கள். அட்டையின் பெயர் இல்லாமல் ஊரி மட்டும் இருந்தால் பாதி விபரம் போய்விடும். தானாக உதிர்ந்ததைச் சின்னப் போத்தலில் ஸ்பிரிட் விட்டு, வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக விலங்கியல் துறைக்குக் கொண்டுபோங்கள். அந்தச் சிறுமியையும் கூட்டிப்போனால் நல்லது. அவளுக்கு இன்னும் கேள்வி இருக்கும்.